ஐந்தாம் படுக்கையில் ஆறு மாதம்

தேம்ஸ் நதிக்குத் தெற்கே அமைந்திருந்த அந்த வைத்தியசாலையின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு படுக்கைகள் இருந்தன. அவற்றுள் நான்கில் நோயாளிகள் கிடத்தப்பட்டிருந்தனர். இரண்டில் கொள்கை கிடத்தப்பட்டிருந்தது.

கொள்கை மிகவும் எளிமையானது. அனுபவமுள்ள தாதியர் போதாமையால் ஐந்தாம், ஆறாம் படுக்கைகள் மூடப்பட்டிருந்தன. தாதியர் அனுபவம் பெறுவதாயின் படுக்கை வேண்டும். படுக்கையைத் திறப்பதாயின் அனுபவமுள்ள தாதியர் வேண்டும். இவ்விரண்டு செய்திகளும் ஒரே சுற்றறிக்கையின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலுமாக அச்சிடப்பட்டிருந்தமையால், இரண்டையும் ஒருசேர வாசித்தவர் நிர்வாகத்தில் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களைக் குறை கூறுவதும் முறையாகாது. கடதாசியைத் திருப்பிப் பார்ப்பது எவருடைய கடமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

அந்தக் கடதாசியைத் திருப்பிப் பார்த்தவள் பாலாம்பிகை ஒருத்திதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தொடங்கியபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. ஆண்கள் சத்திரசிகிச்சை நோயாளர் விடுதியில் ஐந்து ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தாள். மயக்கவியல் தாதியருக்கான கற்கைநெறி ஒன்றிற்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். கல்லூரியிலிருந்து வந்த பதில் இரண்டு நிபந்தனைகளை விதித்தது. ஒன்று, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இடையறாத ஆறு மாத அனுபவம். மற்றொன்று, கற்கைநெறி தொடங்கும் நாளில் விண்ணப்பதாரர் நாற்பது வயதை எட்டியிருத்தல் ஆகாது. கற்கைநெறி செப்ரெம்பரில் தொடங்கும். பாலாம்பிகை நவம்பரில் பிறந்தவள். ஆக, அவளுக்கு இருந்தது இந்த ஒரு செப்ரெம்பர் மட்டுமே.

அனுபவம் அவளிடம் இல்லாமல் இல்லை. இலங்கையின் வடக்கே ஒரு சிறிய வைத்தியசாலையில், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் கொழும்புக்குப் போய் வருவதாகக் கூறிச் சென்று வராமலே விட்டபின், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சத்திரசிகிச்சை மேசையின் தலைமாட்டில் நின்றவள் அவள். உறங்க வைத்தவர்களையெல்லாம் எழுப்பியும் விட்டவள். இதனை விண்ணப்பத்தில் மிகுந்த பணிவுடன் எழுதியிருந்தாள். கல்லூரியார் அதனைவிடப் பணிவுடன், மேலதிகாரியின் உறுதிக்கடிதம் ஒன்றை அனுப்புமாறு கேட்டனர். அந்த மேலதிகாரிக்கு இப்போது முகவரி இல்லை. அந்த வைத்தியசாலைக்குக் கூரை இல்லை. இவற்றை அவள் தெரிவித்தபோது, "முகவரியற்ற அனுபவத்தை ஏற்க இயலாமைக்கு ஆழ்ந்து வருந்துகின்றோம்" என்று பதில் வந்தது. அவர்கள் உண்மையாகவே வருந்தியிருப்பார்கள் என்றே பாலாம்பிகை நம்பினாள்.

எனவே அவள் தாதியர் பணிப்பாளரான பியற்றிஸ் அம்மையாரின் அறைக்கதவைத் தட்டினாள்.

"அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உங்களை வரவேற்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி," என்றார் அம்மையார். "உங்களுக்கு அதில் எவ்வளவு அனுபவம் உண்டு?"

"அதைப் பெறுவதற்காகத்தான் வந்தேன், அம்மணி."

"மிக நல்லது. பெற்றுக்கொண்டு வாருங்கள்."

பாலாம்பிகை நன்றி கூறி வெளியே வந்து, தாழ்வாரத்தில் நாலு அடி நடந்த பிறகுதான் தனக்கு எதுவும் தரப்படவில்லை என்பதை உணர்ந்தாள். மீண்டும் கதவைத் தட்டுவது மரியாதையன்று என்று எண்ணித் திரும்பிப் போனாள். மூன்று கிழமைகளில் இதே உரையாடல் மூன்று முறை நிகழ்ந்தது. மூன்றாம் முறை அந்த அறையில் திரு. பீற்றரும் அமர்ந்திருந்தார்.

திரு. பீற்றர் தரமேம்பாட்டு இயக்குநர். பிஸ்கற் செய்யும் நிறுவனம் ஒன்றிலிருந்து அவ்வாண்டுதான் வைத்தியசாலைக்கு வந்தவர். தம்மைப் பீற்றர் என்று உரிமையோடு அழைக்குமாறு இலக்கமிட்ட சுற்றறிக்கை மூலம் அனைவருக்கும் உத்தரவிட்டிருந்தார். பாலாம்பிகையின் சிக்கலைக் கேட்டதும் அவருடைய முகம் மலர்ந்தது.

"அனுபவம் என்றால் என்ன?" என்று அவர் சுவரைப் பார்த்துக் கேட்டார். "ஓர் இடம், ஒரு காலம், ஒரு கையொப்பம். நோயாளி இம்மூன்றில் எதிலும் அடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எமது தொழிற்சாலையில் புதியவர்களுக்கு முதல் மாதம் நாம் மாவே கொடுப்பதில்லை. வெறும் அச்சில் அழுத்திப் பழகுவார்கள். அந்த மாதத்தில் ஒரு பிஸ்கற்றேனும் உடைந்ததில்லை. இங்கே ஐந்தாம் படுக்கை சும்மாதானே இருக்கிறது?"

"அது மூடப்பட்டிருக்கிறது," என்றார் பியற்றிஸ் அம்மையார்.

"நோயாளிகளுக்குத்தான் மூடப்பட்டிருக்கிறது. அனுபவத்துக்கு அல்லவே."

இவ்வாறு 'நோயாளி சாரா அனுபவத் திட்டம்' பிறந்தது. தை மாதத்து முதற் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குப் பாலாம்பிகை ஐந்தாம் படுக்கையைப் பொறுப்பேற்றாள். இருபத்தாறு கிழமைகள், அதாவது ஆறு மாதம், இடையறாது அதனைப் பராமரித்தால் பியற்றிஸ் அம்மையார் அனுபவச் சான்றிதழில் ஒப்பமிடுவார்.

கால்மணிக்கு ஒரு தடவை பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். உடல் வெப்பம் என்ற இடத்தில் அவள் தலையணையின் வெப்பத்தை எழுதினாள். சுவாசம்: இல்லை. நாடி: இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, படுக்கைப்புண் வராதிருக்கும் பொருட்டுத் தலையணையைப் புரட்டி வைத்தாள். பிற்பகல் இரண்டு முதல் மூன்று வரை உறவினர் வரும் நேரம். அந்நேரத்தில் படுக்கையருகே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுத் திரைச்சீலையை விலக்கி வைத்தாள். செய்யும் வேலை எதுவாயினும் செப்பமாகச் செய்யப் பழகியவள் அவள். முதல் நாள் மாலைக்குள் அந்தப் படுக்கை, மூன்று மாடிகளிலும் ஆகச் சிறப்பாகப் பராமரிக்கப்பட்ட படுக்கையாகிவிட்டது.

சிக்கல் நாடியினால்தான் வந்தது. நாடி நாற்பதுக்குக் கீழே இறங்கினால் கடமையிலுள்ள வைத்தியருக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்று பதிவேட்டின் தலைப்பிலேயே சிவப்பில் அச்சிடப்பட்டிருந்தது. பாலாம்பிகை அறிவித்தாள். கடமையில் இருந்தவர் மயக்கவியல் வைத்தியர் சேஷாத்ரி. திருச்சியில் படித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் லண்டனில் வேலை செய்பவர்.

"சிஸ்டர், காலைலேர்ந்து இது பத்தாவது தடவை," என்றார் அவர். "நாடி இல்லேன்னு எனக்கும் தெரியும். ஆளே இல்லையே!"

"ஓம் டொக்டர். ஆனால் நாப்பதுக்குக் கீழை போனால் உங்களுக்குச் சொல்லோணும் எண்டு போட்டிருக்கு."

சேஷாத்ரி பதிவேட்டை வாங்கி அந்தச் சிவப்பு எழுத்துகளைப் படித்தார். "ஆமா, போட்டிருக்கு," என்று பெருமூச்சு விட்டார். "கொடுங்க, கையெழுத்து போடறேன். நாளைக்கும் இப்படித்தானா?"

"இருபத்தாறு கிழமை டொக்டர்."

"ஈஸ்வரா!"

நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் ஊழியரான கனகலிங்கம் மட்டும் இந்தத் திட்டத்தை முழுமனதோடு ஏற்றுக்கொண்டார். ஊரில் உப தபாலதிபராக இருந்தவர். அரச காரியங்களின் போக்கு அவருக்குப் புதிதன்று.

"என்ன தங்கச்சி, உங்கட ஆள் இண்டைக்கு எப்பிடி?" என்று நாள்தோறும் கேட்பார்.

"இருந்தபடி இருக்கிறார் அண்ணை."

"சாப்பாடு கேட்டவரோ?"

"இல்லை."

"உங்களை ஏசினவரோ?"

"இல்லை அண்ணை."

"தங்கமான மனுசன். என்ர மாமனார் இப்பிடி ஒரு நாள் கிடந்திருந்தால் நான் லண்டனுக்கே வந்திருக்க மாட்டன்."

பாலாம்பிகை சிரித்தாள். சிரித்த பின் பிரிவின் மறுபக்கம் பார்த்தாள். அங்கே நான்கு படுக்கைகளுக்கு நான்கு தாதியர் மூச்சுவிட நேரமின்றி நின்றனர். அவர்களில் ஒருத்தி உணவு நேரத்துக்கும் போகாமல் நிற்பதைக் கண்டு பாலாம்பிகை உதவிக்கு எழுந்தாள். அனுபவம் பெறாதவர் நோயாளியைத் தொடுவது விதிக்கு மாறானது என்று அந்தத் தாதியே அன்போடு நினைவூட்டினாள். பாலாம்பிகை திரும்பி வந்து தலையணையைப் புரட்டினாள்.

ஏப்ரலில் முதற் காலாண்டு அறிக்கை வெளிவந்தது. ஆறு படுக்கைகளில் ஐந்தாம் படுக்கையே எல்லா வகையிலும் முதலிடம் பெற்றது. இறப்பு இல்லை, தொற்று இல்லை, முறைப்பாடு இல்லை. மருந்துச் செலவும் மிகக் குறைவு. திரு. பீற்றர் நிருவாக சபையாரை அழைத்துவந்து அந்தப் படுக்கையைச் சுற்றி நிறுத்தினார். பாலாம்பிகை தலைமாட்டில் கைகட்டி நின்றாள்.

"கனவான்களே, சீமாட்டிகளே," என்றார் திரு. பீற்றர், "இங்கே தாதியர் பணி அதன் தூய வடிவில் நிகழ்வதைக் காண்கின்றீர்கள். எமது தரக் குறியீடுகளைக் கீழே இழுப்பது எது என்று மூன்று மாதங்களாக ஆராய்ந்தோம். பெரும்பாலும் நோயாளிகளே. இதனை அவர்கள் மனம் நோகாதவாறு கூறவே விரும்புகிறேன். அவர்கள் நலமற்ற நிலையில் வருகிறார்கள். சிலர் இறந்தும் விடுகிறார்கள், அதுவும் காலாண்டு முடியும் தறுவாயில். ஐந்தாம் படுக்கையின் வெற்றியை ஏனைய படுக்கைகளுக்கும் விரிவாக்குவதே எமது அடுத்த இலக்கு."

சபையார் கைதட்டினர். ஒரு மூதாட்டி பாலாம்பிகையின் கையைப் பற்றி, "மிகவும் பொறுமை வேண்டும், இல்லையா?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா," என்று பாலாம்பிகை தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

இருபத்தைந்தாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணியளவில், கீழே சத்திரசிகிச்சை அறையிலிருந்து தொலைபேசி ஒலித்தது. நெஞ்சில் சத்திரசிகிச்சை முடிந்த நோயாளி ஒருவரைச் செயற்கைச் சுவாசத்துடன் மேலே கொண்டுவர வேண்டும். துணைக்கு ஒரு தாதி தேவை. அந்தப் பிரிவில் நான்காம் படுக்கை அன்று காலைதான் காலியாகியிருந்தது; ஆயினும் நான்கு தாதியரும் ஏனைய மூன்று நோயாளிகளை விட்டு அசைய முடியாத நிலை. எல்லோருடைய கண்களும் தலையணையைப் புரட்டிக்கொண்டிருந்த பாலாம்பிகையின் மேல் வந்து நின்றன. விதி பேசுவதற்கு அப்போது எவருக்கும் நேரம் இல்லை. அவள் படியிறங்கி ஓடினாள்.

நோயாளியின் பெயர் எட்வேட். விம்பிள்டன் வாசி, ஓய்வுபெற்ற ரயில் காவலர். கனகலிங்கம் வண்டியைத் தள்ள, சேஷாத்ரி ஒரு பக்கமும் பாலாம்பிகை தலைமாட்டிலுமாக மின்தூக்கியில் ஏறினர். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே அது ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

கனகலிங்கம் அவசரத் தொலைபேசியை எடுத்தார். "கட்டடப் பிரிவு," என்றது மறுமுனை. "உள்ளே இருப்பது ஆட்களா, பொருட்களா?"

"ஆக்கள்! வருத்தக்காரனோடை நாலு பேர்!" என்று கத்திய கனகலிங்கம், பிறகு அதையே ஆங்கிலத்தில் கத்தினார்.

"ஆட்களாயின் மூன்று பேருக்கு மேல் ஏறுவதற்கு அனுமதி இல்லையே," என்றது மறுமுனை. "சற்றுப் பொறுங்கள். அதற்கு வேறு படிவம்."

அந்நேரம் பார்த்து, வண்டியோடு வந்த சிறிய சுவாச இயந்திரத்தின் ஒட்சிசன் உருளை தீர்ந்தது. எட்வேட்டின் மார்பு எழாமல் நின்றது. சேஷாத்ரியின் ஒரு கை குழாயைப் பிடித்திருந்தது. மறு கை, இறங்கிக்கொண்டிருந்த இரத்த அழுத்தத்துக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தது. "பை! பை எங்க?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பாலாம்பிகை இயந்திரத்தைக் கழற்றி, கையால் அழுத்தும் காற்றுப்பையைக் குழாயில் பொருத்தி அழுத்தத் தொடங்கியிருந்தாள். அழுத்தி, விட்டு, மார்பு தாழ்வதைப் பார்த்து, மீண்டும் அழுத்தினாள். அந்த ஆறு மாதத்தில் தான் செய்வது இன்னதென்று அவளுக்குத் தெரிந்திருந்த நேரம் அது ஒன்றுதான்.

"எங்க கத்துக்கிட்டீங்க சிஸ்டர்?" என்றார் சேஷாத்ரி, வியர்வையைத் தோளில் துடைத்தபடி.

"ஊரிலை டொக்டர். அங்கை மெசின் இருந்தது, கரண்ட் இருக்கேல்லை."

நாற்பத்து மூன்று நிமிடங்கள் கழித்துக் கதவு திறந்தது. எட்வேட் உயிரோடு நான்காம் படுக்கைக்குப் போய்ச் சேர்ந்தார். பாலாம்பிகை விரல்களை நீட்ட முடியாமல் ஐந்தாம் படுக்கைக்குத் திரும்பி, பதிவேட்டில் விடுபட்ட மூன்று வரிகளிலும் நடந்ததை நடந்தபடி எழுதினாள்: 'மின்தூக்கியில் இருந்தேன். நோயாளி எட்வேட்டுக்குக் கையால் சுவாசம் கொடுத்தேன்.'

மறுநாட் காலை பியற்றிஸ் அம்மையார் அவளை அழைத்துத் தேநீர் கொடுத்து அமரச் செய்தார். தேநீர் கொடுத்தால் செய்தி நல்லதன்று என்பது வைத்தியசாலையில் எல்லோருக்கும் தெரியும்.

"நீங்கள் மிகவும் நன்றாகச் செய்தீர்கள்," என்றார் அம்மையார். "அதுதான் சிக்கல். மின்தூக்கி கட்டடப் பிரிவுக்குச் சொந்தமானது. அதனுள் கொடுக்கப்பட்ட சுவாசம் கட்டடப் பிரிவின் சுவாசம். அதனை அதிதீவிர சிகிச்சை அனுபவமாகக் கொள்ள வழியில்லை. அத்துடன் நாற்பத்து மூன்று நிமிடம் ஐந்தாம் படுக்கையில் நீங்கள் இல்லை. இடையறாத அனுபவம் இடையறுந்துவிட்டது. விதிப்படி முதற் கிழமையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்."

"அம்மணி, எனக்கு நவம்பரில் நாற்பது."

"அறிவேன். அதனால்தான் தேநீர்." அம்மையார் ஒரு புதிய தாளை மேசையில் வைத்தார். "இந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக எழுதித் தாருங்கள். மூன்று வரிகளிலும் 'ஐந்தாம் படுக்கை, மாற்றமில்லை' என்று இருந்தால் போதும். டொக்டர் சேஷாத்ரி தமது குறிப்பையும் அதற்கிணங்கத் திருத்தித் தந்துவிட்டார். பழைய தாளை நான் கிழிக்கப் போவதில்லை. நாங்கள் எதையும் அழிப்பதில்லை. இந்த மேசை லாச்சிக்குள் இருக்கும்."

பாலாம்பிகை ஒரு நாள் அவகாசம் கேட்டாள்.

ஸ்ட்ரெதமில் ஒரு கோழிக்கறிக் கடைக்கு மேலே இருந்தது அவர்களுடைய வீடு. கணவன் யோகராஜா பெற்றோல் நிலையத்திலிருந்து அப்போதுதான் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கதை முழுவதையும் கேட்டான்.

"இஞ்சேரும், அந்தாள் உயிரோடைதானே இருக்கிறார்?"

"இருக்கிறார்."

"நீர் களவெடுத்தனீரோ?"

"இல்லை. ஆனால் பொய்யெல்லோ எழுதச் சொல்லினம்."

"ஆறு மாசமாய் வெறுங்கட்டிலுக்கு நாடி பிடிச்சு எழுதினீர். அது என்ன தேவாரமோ?" என்று யோகராஜா சப்பாத்தை ஒரு மூலையில் எறிந்தான். "இஞ்சை ஒரு குடிவரவுக் கந்தோரிலை என்ர பைலைத் துலைச்சுப்போட்டு, நான் இந்த நாட்டுக்கு இன்னும் வரேல்லை எண்டு எனக்கே கடிதம் போட்டவங்கள். நான் சண்டைக்கே போனனான்? அவை சொன்ன இடத்திலை ஒப்பம் வைச்சன். இண்டைக்கு இஞ்சை இருக்கிறன். போடும் கையெழுத்தை. நீர் படிக்கோணும் எண்டு எத்தினை வருசம் காத்திருந்தனீர்?"

அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. பாலாம்பிகை மறுநாள் 'மாற்றமில்லை' என்று மூன்று முறை எழுதிக் கையொப்பமிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை இருபத்தாறு கிழமைகள் நிறைவெய்தின. சான்றிதழ் தடித்த தாளில், வைத்தியசாலையின் புதிய இலச்சினையுடன் வந்தது. நேர்முகப் பரீட்சைக்கு ஒரு வாரம் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வருமாறு கல்லூரி அழைத்திருந்தது.

அதற்கிடையே எட்வேட் கண் விழித்திருந்தார். தொண்டையில் குழாய் இருந்தமையால் பேச முடியாது. கடதாசித் துண்டுகளில் எழுதினார். ஒருநாள் பாலாம்பிகையைக் கைகாட்டி அழைத்து ஒரு துண்டை நீட்டினார். 'பக்கத்துப் படுக்கைக்காரர் எனக்கு ஒரு வணக்கமேனும் சொல்வதில்லை. நான் ஏதும் பிழை செய்தேனா?' என்று எழுதியிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இயந்திரம் அனுமதித்த அளவுக்கு அவரும் சிரித்தார்.

புதன்கிழமை கனகலிங்கம் அவளைத் தேடி வந்தார். முகத்தில் வழக்கமான பகிடி இல்லை. கையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது.

"தங்கச்சி, இதை ஒருக்கால் பாருங்கோ. நாளைக்குப் பத்து மணிக்குக் குழு கூடி முடிவெடுக்குமாம். பதினொரு மணிக்கு நாலாம் கட்டில்காரரைக் கீழை பொது விடுதிக்குத் தள்ளிக்கொண்டு போகட்டாம். மெசின் வேண்டாமாம்."

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. கடதாசி சொல்லுது."

பாலாம்பிகை சேஷாத்ரியைத் தேடிப் பிடித்தாள். அவர் கோப்பிக் கோப்பையைப் பார்த்தபடியே பேசினார்.

"தரக் குழுல ரெக்கார்டை எடுத்துப் பாத்திருக்காங்க சிஸ்டர். ரெண்டு எட்டுக்கு மெஷின் நின்னிருக்கு, ரெண்டு அம்பத்தொண்ணுக்கு மறுபடி போட்டிருக்கு. நடுவுல யாரும் மூச்சு கொடுத்ததா எழுதல. நோயாளி உயிரோட வந்திருக்கார். அப்போ அவருக்கு மெஷின் தேவையே இல்லைங்கறாங்க. மூணு பேர் வேற அந்த பெட்டுக்குக் காத்திருக்காங்க."

"நாங்கள் அமத்தினனாங்கள்தானே டொக்டர்!"

"அமுத்தினோம். எழுதலையே."

"மெசினை எடுத்தால்?"

"பத்து நிமிஷம் தாங்க மாட்டார்."

"பெரிய டொக்டரிட்டைச் சொன்னால்?"

"ஸ்பெயின்ல இருக்கார். திங்கக்கிழமைதான் வரார்." சேஷாத்ரி குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லிப் பாத்தேன் சிஸ்டர். 'உங்க கையெழுத்துதானே இது?'ன்னு காட்டினாங்க. மாசக் கடைசில என் கான்ட்ராக்ட் முடியுது. வீட்ல இப்பதான் ரெண்டாவது குழந்தை..." அவர் முடிக்கவில்லை. பாலாம்பிகையும் அவரை மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. தன்னுடைய கையெழுத்தும் பக்கத்திலேயே இருந்ததை அவள் மறக்கவில்லை.

தாழ்வாரத்தில் கனகலிங்கம் காத்து நின்றார். "என்ன செய்யப் போறியள்?"

"மாத்தி எழுதினது பொய் எண்டு சொல்லப் போறன் அண்ணை."

"சேட்டிபிக்கற்?"

"போகும்."

"யோசிச்சுச் செய்யுங்கோ பிள்ளை. வயசாளி. நீங்கள் காப்பாத்திவிட, அடுத்த மாசம் வேறை ஏதும் வந்து செத்தாலும் செத்துப்போவார்."

"செத்தால் அது அவற்ற நோய் வருத்தத்தாலை இருக்கட்டும் அண்ணை. என்ர கையெழுத்தாலை வேண்டாம்."

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தரக் குழு கூடியது. நீண்ட மேசையின் தலைப்பில் திரு. பீற்றர், பக்கத்தில் பியற்றிஸ் அம்மையார், மேலும் இருவர், குறிப்பெழுதும் செயலாளர் ஒருவர். பாலாம்பிகை எழுந்து நின்றாள். மன்னிக்க வேண்டும் என்று தொடங்கி, மன்னிக்க வேண்டும் என்று இடைநிறுத்தி, மன்னிக்க வேண்டும் என்று முடித்து, அவற்றுக்கிடையே உண்மையைச் சொல்லிவிட்டாள். சான்றிதழை மேசையில் வைத்தாள்.

பியற்றிஸ் அம்மையார் எழுந்து போய், பழைய தாளைக் கொண்டுவந்து அதன் அருகே வைத்தார். அவருடைய விரல்கள் அந்தத் தாளின் மேல் வேண்டியதைவிடச் சற்று நேரம் கூடுதலாகத் தங்கின.

திரு. பீற்றர் இரண்டையும் வாசித்தார். "நேர்மை எமது ஐந்து விழுமியங்களுள் மூன்றாவது," என்றார். "ஆகவே உங்களுக்கு நன்றி. நான்காம் படுக்கையின் இயந்திரம் தொடர்ந்து இயங்கும். பொய்ப் பதிவு எழுதியமைக்காக உங்களுக்கு எழுத்து மூல எச்சரிக்கை ஒன்று வரும். அதனைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லோருக்கும் ஒரே கடிதம்தான். உங்கள் இருபத்தாறு கிழமைகளும் இரத்தாகின்றன. விரும்பினால் திங்கட்கிழமை மீண்டும் தொடங்கலாம். ஐந்தாம் படுக்கைக்கு உங்களைவிடச் சிறந்தவர் கிடைப்பது அரிது."

"நன்றி," என்றாள் பாலாம்பிகை. பழக்கத்தினால் வந்த சொல் அது.

"ஒரேயொரு விடயம் எஞ்சியுள்ளது." திரு. பீற்றர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இப்போது திருத்தப்பட்ட பதிவின்படி, நாற்பத்து மூன்று நிமிடம் ஐந்தாம் படுக்கை கவனிப்பாரற்று இருந்திருக்கிறது. இது பாரதூரமானது. அந்த நேரத்தில் அங்கிருந்த நோயாளிக்கு என்ன நிகழ்ந்தது?"

பாலாம்பிகை மேசையைச் சுற்றிப் பார்த்தாள். ஐவரும் உண்மையான கவலையோடு அவளுடைய பதிலுக்குக் காத்திருந்தனர்.

"ஐயா, அந்தப் படுக்கையில் ஒருவரும் இல்லை," என்றாள். "ஆறு மாதமாக ஒருவரும் இருந்ததில்லை."

செயலாளரின் பேனை தாளில் ஓடிக்கொண்டிருந்தது.

"அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம்," என்றார் திரு. பீற்றர்.

பதினொரு மணிக்குக் கனகலிங்கம் வெறும் வண்டியோடு கீழே போனார். பாலாம்பிகை நுழைவாயிலருகே இருந்த பொதுத் தொலைபேசியில் காசைப் போட்டுக் கல்லூரியை அழைத்தாள். செவ்வாய்க்கிழமை தன்னால் வர இயலாது என்றும், விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொள்வதாகவும், சிரமம் கொடுத்தமைக்கு வருந்துவதாகவும் கூறினாள். மறுமுனையில் இருந்த பெண் அன்பானவள்.

"அடடா, பரவாயில்லை. படிவத்தில் காரணம் என்று ஒரு வரி இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் போதும்."

பாலாம்பிகை தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். போட்ட காசு தீரப்போவதாக அது கீச்சிட்டது.

"ஒரு நோயாளி வந்துவிட்டார்," என்றாள்.